தொட்டில் வழக்கங்களும் நலத் திட்டங்களும்

(உரையின் எழுத்து வடிவம்)

மனிதக் குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் அதன் முதல் தேவைகள் ஒன்றே. பால் வேண்டும், உடற்சூடு காக்கப்பட வேண்டும், நோயினின்று பாதுகாப்பு வேண்டும், அழுதால் வந்து எடுக்கும் கை ஒன்று வேண்டும். ஆயினும், இத்தேவைகளை நிறைவு செய்யும் முறையில் உலக மக்களிடையே காணப்படும் வேறுபாடு மிகப் பெரிது. ஓரிடத்தில் அன்பின் அடையாளமாகக் கருதப்படும் செயல், மற்றோரிடத்தில் பொறுப்பின்மையாகத் தோன்றுகிறது.

டென்மார்க்கிலும் பின்லாந்திலும் குழந்தையைக் கம்பளியால் நன்கு போர்த்தித் தள்ளுவண்டியில் இட்டு, கடுங்குளிர் காலத்திலும் வீட்டிற்கு வெளியே பகலில் உறங்க விடுவது பரவலான வழக்கம். தூய காற்று குழந்தைக்கு உறுதி தரும் என்பது அங்குள்ளோர் கருத்து. பிறந்த குழந்தையைப் பல நாட்கள் அறையை விட்டு வெளியே கொண்டுவராத ஓர் இந்தியக் கிராமக் குடும்பம் இதனைக் கண்டால் திடுக்கிடும். ஜப்பானில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே குழந்தை படுத்துறங்குவதை, ‘ஆறு’ என்னும் பொருள்படும் மூன்று கோடுகளாலான எழுத்துக்கு ஒப்பிடுவர். அமெரிக்காவிலோ, குழந்தைக்குத் தனிக் கட்டிலும் இயன்றால் தனி அறையும் அளிப்பதே நல்ல பெற்றோரின் கடமை என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது.

இவ்வேறுபாடுகள் வியந்து பார்ப்பதற்குரிய செய்திகள் மட்டுமல்ல. இந்தியாவில் அங்கன்வாடிப் பணியாளரும், ஆஷா பணியாளரும், கிராம சுகாதாரச் செவிலியரும் நாள்தோறும் பல இலட்சம் வீடுகளின் வாயிலில் நின்று, குழந்தையை இப்படி வளர்க்க வேண்டும், அப்படி வளர்க்கக் கூடாது என்று அறிவுரை கூறி வருகின்றனர். அவ்வீட்டின் வழக்கம் ஒன்றாகவும் அறிவுரை வேறொன்றாகவும் இருக்கும்போது என்ன செய்வது? வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடலாமா? அல்லது மரபு என்று போற்றி அப்படியே விட்டுவிடலாமா? இக்கேள்விக்குப் பல நாடுகளின் அனுபவம் விடை தருகிறது.

வழக்கத்தின் வேர்

ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைப் பகுதியில் வேட்டையாடியும் கிழங்கு, கொட்டை முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்த குங் சான் மக்களிடையே, குழந்தை பகல் முழுவதும் தாயின் உடலை ஒட்டியே இருந்தது. மணிக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடங்கள் பால் அருந்தியது. மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1980-ஆம் ஆண்டில் இதனை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவ்வாறு அடிக்கடி பாலூட்டுவது தாயின் சுரப்பிகளைப் பாதித்து அடுத்த கருத்தரிப்பைத் தள்ளிப்போடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்மக்களிடையே இரு பேறுகளுக்கு இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. உணவு தேடி நெடுந்தொலைவு நடக்க வேண்டிய தாயால் ஒரே சமயத்தில் இரண்டு கைக்குழந்தைகளைச் சுமக்க இயலாது என்பதை எண்ணினால், இவ்வழக்கம் அவ்வாழ்க்கைக்கு எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

தாய் மட்டுமே குழந்தையைச் சுமக்க வேண்டும் என்பதும் எங்குமுள்ள விதியன்று. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் இத்தூரி வனத்தில் வாழும் எஃபே மக்களிடையே, குழந்தை பிறந்த நாள் முதலே பலர் கைகளில் வளர்கிறது; பிற பெண்களும் அதற்குப் பாலூட்டுவதுண்டு. நான்கு மாத அளவில், தாயின் கையில் இருப்பதைவிடப் பிறர் கையில் இருக்கும் நேரமே மிகுதி என்று அங்குச் சென்று ஆராய்ந்தோர் 1987-இல் எழுதினர். மத்திய ஆப்பிரிக்காவின் ஆக்கா இனத்தவரிடையே தந்தையின் பங்கு வியக்கத்தக்கது. நாளின் ஏறத்தாழப் பாதி நேரம் தந்தை குழந்தையைக் கையில் ஏந்தியோ, கை நீட்டினால் தொடும் தொலைவிலோ இருக்கிறார் என்று பாரி ஹியூலெட் என்ற மானிடவியலாளர் கண்டார். ஆக்கா மக்கள் வலை வீசி வேட்டையாடுபவர்கள். கணவனும் மனைவியும் குழந்தையோடு சேர்ந்தே வேட்டைக்குச் செல்கின்றனர். தொழில் இருவரையும் ஒன்றாக வைத்திருப்பதால் வளர்ப்பும் இருவர் பொறுப்பாயிற்று.

கென்யாவின் இரண்டு சமூகங்கள் மற்றோர் உண்மையைக் காட்டுகின்றன. குசீ இனத் தாய்மார் குழந்தை அழுதவுடன் எடுத்து அணைத்து ஆற்றுவர். ஆனால் அமெரிக்கத் தாயைப் போல் முகத்தோடு முகம் நோக்கிக் கொஞ்சிப் பேசுவது குறைவு. அவர்களை ஆராய்ந்த ராபர்ட் லெவைன், இதனை அன்பின்மை என்று கொள்ளலாகாது என்றார். சிசு மரணம் மிகுந்த சூழலில் தாயின் முதற்கவலை குழந்தை பிழைக்க வேண்டும் என்பதே. பேச்சை அது பின்னர் அண்ணன், அக்காளிடம் கற்றுக்கொள்ளும் என்பது அச்சமூகத்தின் எதிர்பார்ப்பு. கிப்சிகிஸ் இனத் தாய்மாரோ குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் முறையாகப் பயிற்சி தருகின்றனர். தரையில் சிறு பள்ளம் தோண்டி, கம்பளியால் முட்டுக் கொடுத்து உட்கார வைக்கின்றனர். அக்குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே உட்காரவும் நடக்கவும் செய்தன. ஆனால் எவரும் கற்றுக் கொடுக்காத தவழ்தலில் அவை முந்தவில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகள் இன இயல்பினாலேயே விரைந்து வளர்கின்றன என்று அதுவரை சிலர் கூறி வந்த கருத்தை, 1976-இல் சார்லஸ் சூப்பர் வெளியிட்ட இவ்வாராய்ச்சி அசைத்துவிட்டது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வளர்ப்பு முறை என்பது தட்பவெப்பம், தாயின் உழைப்பு, குடும்ப அமைப்பு, நோயின் அச்சம் ஆகியவற்றுக்கு ஒரு சமூகம் கண்ட விடையாகும். அதனை மாற்ற முனைபவர் முதலில் அறிய வேண்டியது, அது எந்த இடர்ப்பாட்டுக்கு விடையாக வந்தது என்பதையே.

நிபுணர்களும் தவறியதுண்டு

விஞ்ஞானத்தின் பெயரால் கூறப்படும் அறிவுரை எப்போதும் சரியாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. மேலை நாடுகளில் 1950-களுக்குப் பிறகு, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்ற அறிவுரை பரவியது. வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்காது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். நோய் ஏதும் அறியப்படாத குழந்தை உறக்கத்திலேயே இறந்து கிடக்கும் ‘தொட்டில் மரணம்’ அந்நாடுகளில் பெருந்துயராக இருந்தது. ஆனால் மக்கள் நெருக்கம் மிகுந்த ஹாங்காங்கில் இத்தகைய மரணம் அரிதாயிருப்பதை டேவிஸ் என்ற மருத்துவர் 1985-இல் சுட்டிக்காட்டினார். அங்குள்ள சீனக் குடும்பங்கள் தம் மரபுப்படி குழந்தையை மல்லாந்தே கிடத்தி வந்தன. பின்னர் நடந்த ஆய்வுகள், குப்புறக் கிடத்துவதே பெரும் அபாயம் என்பதை உறுதி செய்தன. 1991-இல் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும், 1994-இல் அமெரிக்காவிலும், குழந்தையை மல்லாந்து கிடத்துமாறு மக்களுக்கு எடுத்துரைக்கும் இயக்கங்கள் தொடங்கப்பட்டன. இவ்வகை மரணம் சில ஆண்டுகளிலேயே பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்தது. பாட்டிமார் அறிந்திருந்ததை மருத்துவ நூல்கள் அறிந்துகொள்வதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் இறந்துபோயின.

புட்டிப்பாலின் வரலாறும் இத்தகையதே. கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் 1930-களில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகள் வீங்கிய உடலோடும் உரிந்த தோலோடும் இறப்பதைக் கண்டார். அந்நோய்க்குப் பெயரிட வேண்டி வந்தபோது, கா மொழித் தாய்மார் வழங்கிய சொல்லையே அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த குழந்தை வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது ‘குவாஷியார்க்கர்’ என்ற அச்சொல்லின் பொருள். நோயின் காரணம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. அவரே 1939-இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பால் பொருட்களை ஏழைத் தாய்மாரிடம் விளம்பரப்படுத்துவது கொலைக்கு ஒப்பாகும் என்று வன்மையாகக் கண்டித்தார். உலக நாடுகள் அதனை உணர 42 ஆண்டுகள் ஆயின. 1981 மே மாதத்தில் உலக சுகாதார மாமன்றம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனை குறித்த சர்வதேச நெறிமுறையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. இந்தியா 1992-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 2003-இல் அதனை மேலும் கடுமையாக்கியது.

வழக்கமும் தவறுவதுண்டு

மரபு என்பதாலேயே எதுவும் நன்றாகிவிடாது என்பதையும் அதே அளவு வலியுறுத்த வேண்டும். ஜப்பானில் குழந்தையின் கால்கள் நீட்டியபடி இருக்குமாறு துணி கட்டும் வழக்கம் இருந்தது. இதனால் இடுப்பு மூட்டு நழுவும் குறைபாடு மிகுதியாகக் காணப்பட்டது. 1975-ஆம் ஆண்டையொட்டி அங்கு நாடு தழுவிய இயக்கம் ஒன்று நடைபெற்றது. துணி கட்டுவதையே விட்டுவிடுமாறு தாய்மாருக்குக் கூறப்படவில்லை. கால்கள் மடங்கி விரிந்திருக்க இடம்விட்டுக் கட்டுமாறு கூறப்பட்டது. குறைபாடு மிக விரைவாகக் குறைந்துவிட்டது. குளிர் மிகுந்த மங்கோலியாவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, துணி சுற்றி வளர்ப்பதால் மட்டும் குழந்தையின் வளர்ச்சி தாமதப்படுவதில்லை என்று கண்டது. தீங்கு துணியில் இல்லை, கட்டும் முறையில் இருந்தது என்பதே இரண்டும் சேர்ந்து உணர்த்தும் பாடம்.

வட சீனாவின் சில கிராமப் பகுதிகளில், மெல்லிய மணல் நிரப்பிய பைக்குள் இடுப்பளவு இட்டுக் குழந்தையை நெடுநேரம் கிடத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. மணல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தாய் வயலுக்குச் செல்லலாம். ஆனால் நீண்ட காலம் இவ்வாறு எவரோடும் உறவாடாது கிடந்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் பின்தங்கின என்று 1994-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இங்கே தீங்கு தெளிவானது. ஆனால், தாய் வயலுக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் இருக்கும் வரையில், மணல் பையைக் கைவிடுமாறு கூறுவது மட்டும் போதுமா?

நம் நாட்டில் கவலைக்குரிய வழக்கம் ஒன்று உண்டு. குழந்தை பிறந்ததும் முதலில் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று எண்ணிப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, தேனோ சர்க்கரை நீரோ புகட்டுவது பல மாநிலங்களில் காணப்படுகிறது. நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்த சீம்பால் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு ஆகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதமே. அதே ஆய்வில் மருத்துவ நிலையங்களில் நடந்த பேறுகள் 88.6 சதவீதம். ஆகவே குறை முழுவதையும் கிராமத்துப் பாட்டியின் மீது சுமத்திவிட இயலாது. மருத்துவமனைக்கு வந்து பிறந்த குழந்தைக்கும் முதல் மணியில் பால் கிடைக்கவில்லையெனில், அதற்கு மருத்துவமனையின் வழக்கமும் காரணமாகும்.

இரண்டும் இணைந்த இடங்கள்

மரபின் அறிவும் மருத்துவ அறிவும் இணைந்தபோது விளைந்த பயனுக்குக் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா சிறந்த சான்று. அங்குள்ள தாய்-சேய் மருத்துவமனையில் எடை குறைந்த குழந்தைகள் ஏராளம். இன்குபேட்டர் என்னும் வெப்பப் பெட்டிகளோ சிலவே. ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்றுநோய் பரவியது. 1978-இல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு டாக்டர் ஹெக்டர் மார்ட்டினெஸ் அதில் இணைந்தார். தாயின் உடலே வெப்பமும் பாலும் அளித்தது. ‘கங்காரு முறை’ என்று இது பெயர் பெற்றது. குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமக்கும் எத்தனையோ சமூகங்களுக்கு இது புதிதன்று, மருத்துவமனைக்கே புதிது.

ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவு முறை என்று முதலில் கருதப்பட்ட இது, செல்வ நாடுகளிலும் பின்னர் இடம்பெற்றது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகு தொடங்கியபோது 15.7 சதவீதம். தாய்க்கு இயலாத நேரத்தில் உறவினர் ஒருவர் குழந்தையை மார்பில் தாங்கினார். கூட்டுக் குடும்பத்தின் பழைய ஏற்பாடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் பயன்பட்டது.

இந்தியக் கிராமங்களிலும் இத்தகைய இரு முயற்சிகள் நடந்துள்ளன. மராட்டிய மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர், கிராமப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடுகளுக்கு அனுப்பினர். தாயும் சேயும் வெளியே வராத நாட்களில், உதவி அவர்கள் இருக்கும் அறைக்கே சென்றது. பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு, மூன்றாம் ஆண்டில் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் இந்திய அரசு, ஆஷா பணியாளர் வாயிலாக இம்முறையை நாடெங்கும் விரிவாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட் வட்டாரத்தில் நடந்த முயற்சியில், பிறந்தவுடன் குளிப்பாட்டுவது முதலான வழக்கங்களை முதலில் கேட்டறிந்த பின்னரே அறிவுரைகள் வகுக்கப்பட்டன. தாயிடம் மட்டுமன்றி மாமியாரிடமும், தந்தையரிடமும், ஊர்ப் பெரியோரிடமும் அவை பேசப்பட்டன. அங்கு இத்தகைய இறப்பு 54 சதவீதம் குறைந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

தாயின் நேரம்

இவ்வளவும் கூறியபின் எஞ்சி நிற்பது தாயின் நேரம் என்னும் கேள்வி. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று கூறுவது எளிது. நாற்று நடவும் செங்கல் சுமக்கவும் செல்லும் தாய் அதனை எவ்வாறு நிறைவேற்றுவாள்? 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஆனால் இந்தியாவில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் விடுப்பு என்ற சொல்லுக்கே இடமில்லாத தொழில்களில் இருப்பவர்கள். 1969-இல் தில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பகம் இவ்வுண்மையை உணர்ந்து எழுந்தது. வேலை தளத்திலேயே தொட்டில் இருந்தால், தாய் இடையிடையே வந்து பாலூட்டலாம். மூத்த பெண் குழந்தை தம்பியைச் சுமப்பதற்காகப் பள்ளியை விட வேண்டியதில்லை.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணி இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. ஆனால் அங்கன்வாடியின் பொழுது, உழைக்கும் தாயின் முழு வேலை நாளையும் தழுவியதாக அமையவில்லை. 2022 முதல் நடைபெறும் காப்பகத் திட்டத்துக்குத் தொட்டில் என்னும் பொருள்படும் ‘பால்னா’ என்ற பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைப்பது அதன் நோக்கம். இது விரைவாகவும் பரவலாகவும் நிறைவேறுவதைப் பொறுத்தே, மற்ற அறிவுரைகள் பயன் தருவதும் தராததும் அமையும்.

பின்லாந்து காட்டிய வழியும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1938 முதல் அந்நாடு ஏழைத் தாய்மாருக்குக் குழந்தைத் துணிகளை அரசு செலவில் வழங்கியது. 1949-இல் இவ்வுதவி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாக்கப்பட்டது. கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவ நிலையத்துக்கு வர வேண்டும் என்பதே நிபந்தனை. துணிகள் வைத்துத் தரப்பட்ட பெட்டியே பல வீடுகளில் குழந்தையின் முதல் படுக்கையாயிற்று. தாய்க்குத் தேவையான ஒன்றைக் கொடுத்து, நாட்டுக்குத் தேவையான ஒன்றை அவ்வரசு பெற்றுக்கொண்டது.

திட்டம் வகுப்போரும் அதனைச் செயற்படுத்துவோரும் ஒரு வீட்டின் வழக்கத்தைக் காணும்போது மூன்றை ஆராய்தல் நலம். அவ்வழக்கம் குழந்தைக்குத் தீங்கு செய்கிறதா? இல்லையெனில் அதனைத் தொட வேண்டியதில்லை; எண்ணெய் தேய்ப்பதும், தூளி கட்டுவதும், தாயோடு உறங்குவதும் பாதுகாப்பான முறையில் நடைபெறும் வரை அரசின் கவலைக்குரியவை அல்ல. தீங்கு செய்கிறதெனில், ஜப்பானில் செய்தது போல் அதனைச் சிறிது மாற்றினால் போதுமா? போதாதெனில், அவ்வழக்கம் எந்தத் தேவையை நிறைவு செய்து வந்ததோ அத்தேவைக்கு வேறு வழியை அரசு தர முடியுமா? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத அறிவுரை தாயின் மனத்தில் குற்ற உணர்வை வளர்க்குமேயன்றிக் குழந்தையை வளர்க்காது.